கை வீக்கமும் வீட்டார் கடமையும்

“தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும்” என்பது நம் பாட்டிமார் சொல். பிறர் வலியை நாம் எளிதில் குறைத்து மதித்துவிடுகிறோம். அதுவும் அவர்களே விரும்பி ஏற்ற சிகிச்சையால் வந்த வலியென்றால், அநுதாபத்துக்கு இடமேயில்லை. மேற்கையில் தொங்கும் தோலையும் சதையையும் நீக்க அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட சகோதரிகள் பலரின் நிலை இதுவே. “அழகுக்காகச் செய்துகொண்டாய், அநுபவி” என்ற சொல்லுக்கு அஞ்சி அவர்கள் வலியை மறைக்கிறார்கள். அப்படி மறைப்பதே ஆபத்து.

இச்சிகிச்சை புதிதன்று. சிகாகோ நகரத்து டாக்டர் மாக்ஸ் தோரெக் 1930-ஆம் ஆண்டிலேயே இதனை விவரித்து எழுதினார். உடற்பருமன் பெரிதும் குறைந்தவர்களுக்கு மேற்கைத் தோல் பைபோல் தொங்கும். மடிப்பில் வியர்வை தங்கிப் புண்ணாகும். கொல்கத்தாவின் வைகாசிப் புழுக்கத்தை அறிந்த நமக்கு இத்துன்பத்தை விளக்க வேண்டுவதில்லை. ஆகவே, இதனை வெறும் அலங்காரமென்று தள்ளுதல் நியாயமன்று.

வீக்கம் ஏன்?

அக்குள் முதல் முழங்கை வரை தோலை அறுத்துத் தைக்கும்போது, நிணநீரைக் கொண்டுசெல்லும் நுண்குழாய்கள் சில அறுபடுகின்றன. வேறு வழி ஏற்படும் வரை நீர் தேங்கும். நீர் தாழ்விடம் நாடுவது இயற்கையாதலால், முன்கையும் விரல்களும்கூட வீங்கக்கூடும். முதற் சில வாரங்களில் மிகுந்திருக்கும் இவ்வீக்கம் சிறிது சிறிதாக வடியும். முழுதும் அடங்கச் சில மாதங்கள் ஆகலாம். தழும்பு மங்க ஓராண்டோ அதற்கு மேலோ செல்லும். தோல் நரம்புகள் பாதிக்கப்படுவதால் முன்கையின் உட்புறம் மரத்துப்போவதும், சில வேளை சுரீரென்று வலிப்பதும் உண்டு.

செய்யத்தக்கவை

படுக்கும்போது கையைத் தலையணைகளின்மேல் நெஞ்சுக்கு மேலாக உயர்த்தி வைத்தல் வேண்டும். விரல்களை அடிக்கடி மடக்கி நீட்டினால், தசையின் அசைவே தேங்கிய நீரை மேலே தள்ளும். கையை இறுக்கிப் பிடிக்கும் எலாஸ்டிக் உறையை டாக்டர் சொன்ன காலம் வரை அணிய வேண்டும். பெரும்பாலும் அது நான்கு முதல் ஆறு வாரம். உறை மடிந்து ஓரிடத்தில் மட்டும் இறுக்கினால் வீக்கம் கூடும். நம் ஊர் வியர்வைக்கு இரண்டு உறைகள் வைத்துக்கொண்டு, மாற்றித் துவைத்து அணிவது நலம்.

லேக் மார்க்கெட் காய்கறிப் பையைச் சுமப்பது, குழந்தையைத் தூக்குவது, மெட்ரோவில் தலைக்கு மேலுள்ள கைப்பிடியைப் பற்றுவது ஆகியவற்றை டாக்டர் அநுமதிக்கும் வரை தவிர்க்க வேண்டும். ஆயினும் கையை அடியோடு அசைக்காதிருந்தால் தோள் இறுகிவிடும். சொல்லிக்கொடுத்த பயிற்சியை விடலாகாது.

எண்ணெய் தேய்த்து உருவுவதும் வெந்நீர் ஒத்தடமும் அன்புடன் செய்யப்படும் தீங்குகளாம். மரத்த தோலுக்குச் சூடு தெரியாது. வெந்துபோன பின்னரே அறிவோம். பனிக்கட்டியை நேரே வைப்பதும் அவ்வாறே. வலி மாத்திரைகளில் சில இரத்தக் கசிவைக் கூட்டுமாதலால், டாக்டரைக் கேளாமல் கடையில் வாங்கலாகாது.

எப்போது விரைய வேண்டும்?

நாளுக்கு நாள் வீக்கம் குறைகிறதா, கூடுகிறதா என்பதே உரைகல். காலைதோறும் கையின் ஒரே இடத்தை நாடாவால் அளந்து குறித்து வைப்பீர். காய்ச்சல், பரவும் சிவப்பு, சீழ், தையல் பிரிதல், தோலின்கீழ் நீர் தளும்புதல் ஆகியவற்றில் எது கண்டாலும் அன்றே டாக்டரிடம் காட்டுக. ஒரு கை மட்டும் திடீரென வீங்கி நீலம் பாய்ந்தாலோ, மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு வலித்தாலோ இரத்தம் உறைந்திருக்கக்கூடும். நள்ளிரவாயினும் மருத்துவமனைக்கு விரைக. மாதங்கள் சென்றும் வீக்கம் வடியாவிடில், நிணநீர் வடிக்கும் பயிற்சி பெற்ற பிஸியோதெரபிஸ்டை அமர்த்த டாக்டரைக் கேட்கலாம்.

நம்மவரில் சிலர் ஊருக்குப் போய்ச் சிகிச்சை செய்துகொண்டு ரயிலில் திரும்புகின்றனர். அவர்கள் பயணத்துக்கு டாக்டரின் இசைவு பெறுவதோடு, சிகிச்சைக் குறிப்பையும் கையோடு கொண்டுவருதல் அவசியம். அறுவை செய்த டாக்டர் தொலைவிலிருந்தால், எஸ்.எஸ்.கே.எம். போன்ற இந்நகரத்துப் பெரிய மருத்துவமனைகளின் பிளாஸ்டிக் சர்ஜரிப் பிரிவில் காட்டலாம்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை. “ஏன் செய்துகொண்டாய்?” என்ற கேள்வியால் எந்த வீக்கமும் வடியாது. “இன்று கை எப்படியிருக்கிறது?” என்று கேளுங்கள். மறைத்தவள் வாய் திறப்பாள். காலத்தில் காட்டிய நோய் காலத்தில் தீரும்.