இரும்பும் ஈரமும் – 11: தூரிகை நுழையாத இடம்

தூணுக்கும் தகட்டுக்கும் பெயின்ட் அடிப்பது எப்படி என்று போன வாரம் பார்த்தோம். சங்கிலியிடம் அந்த வித்தை பலிக்காது. ஒரு கண்ணி அடுத்த கண்ணியைத் தொடுகிற இடத்தில்தான் பாரம் முழுக்க இறங்குகிறது. உராய்வதும் அங்கேதான், தண்ணீர் தங்குவதும் அங்கேதான். பூச்சு எங்கே மிகவும் தேவையோ அங்கே அது நிற்பதே இல்லை. அதனால் என்ன நேரும் என்பதற்கு, அமெரிக்காவில் ஓஹையோ நதியின் மேல் நின்ற ஒரு பாலத்தைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

மேற்கு வர்ஜீனியாவின் பாயின்ட் பிளெசன்ட் ஊரையும் அக்கரையிலிருந்த ஓஹையோ மாநிலத்தையும் இணைத்த தொங்குபாலம் அது. 1928-ல் திறந்தார்கள். கம்பி வடங்களுக்குப் பதிலாக எஃகுச் சங்கிலியில் தொங்கியது. சங்கிலி என்றால் வளையங்கள் கோத்தது அல்ல. இரண்டு முனையிலும் துளையுள்ள நீண்ட எஃகுப் பட்டைகளை ஜோடி ஜோடியாக வைத்து, துளை வழியே தடித்த பின்களைச் செருகிக் கோத்தது. மேலே அலுமினிய பெயின்ட். வெயிலில் வெள்ளியாக மின்னியதால் ‘சில்வர் பிரிட்ஜ்’ என்ற பெயரே நிலைத்துவிட்டது.

1967 டிசம்பர் 15, வெள்ளிக்கிழமை மாலை. கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் இருந்தது. வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்களின் வண்டிகள் பாலத்தை அடைத்துக்கொண்டு நின்றன. ஏறக்குறைய ஒரே நிமிடத்தில் பாலம் மொத்தமும் சரிந்து விழுந்தது. 46 பேர் இறந்தார்கள். இருவரின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை.

ஆற்றிலிருந்து எடுத்த துண்டுகளைக் கரையில் அடுக்கித் தேடிய புலனாய்வாளர்கள், 330 என்று எண்ணிட்ட பட்டையில் வந்து நின்றார்கள். அதன் துளையின் உட்சுவரில் ஒரு விரிசல். ஆழம் சுமார் 2.5 மி.மீ. துரு அரித்த இடத்தை இழுவிசை இடைவிடாமல் இழுத்துக்கொண்டே இருந்தால் அங்கே மயிரிழை விரிசல் பிறக்கும். அது ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் உள்ளே இறங்கும். வலுக்கூட்டிய அந்த எஃகுக்குச் சின்ன விரிசலைக்கூடத் தாங்கும் தன்மை இல்லை. குளிரும் சேர்ந்துகொள்ள, பட்டை படக்கென்று முறிந்தது. ஜோடியில் மிஞ்சிய பட்டை பின்னிலிருந்து நழுவியது. அதோடு சரி.

அந்த விரிசலை முன்பே பார்த்திருக்க முடியுமா? இணைப்பைக் கழற்றினால்தான் முடியும். கழற்றினால் பாலம் நிற்காது. வெளியே நின்று சோதித்தவர் கண்ணுக்குப் பட்டதெல்லாம் வெள்ளிப் பூச்சுதான். இதே ஆற்றில் இதே முறையில் கட்டிய செயின்ட் மேரிஸ் பாலத்தை உடனே மூடி, 1971-ல் இடித்தார்கள். அமெரிக்கா முழுமைக்குமான பாலச் சோதனை விதிகள் நடைமுறைக்கு வந்ததும் அதே ஆண்டில்தான்.

சில்வர் பிரிட்ஜ் திறப்பதற்கு நூறாண்டு முன்பே, 1826-ல் திறந்த வேல்ஸின் மெனாய் சங்கிலிப் பாலத்துக்கு தாமஸ் டெல்ஃபோர்ட் இரும்புப் பட்டைகளை ஆளிவிதை எண்ணெயில் ஊறவைத்தார். பட்டறையிலிருந்து பாலத்தில் ஏறும்வரை துரு அண்டாமலிருக்கச் செய்த ஏற்பாடு அது. தூரிகை போகாத துளைக்குள்ளும் எண்ணெய் போகும். எனக்கு மிகவும் பிடித்த பழைய உத்தி இது.

இன்று அந்த வேலையைத் துத்தநாகம் செய்கிறது. 1837-ல் பிரான்ஸில் சோரெல் காப்புரிமை வாங்கிய முறைதான் நாம் சொல்லும் ‘கால்வனைஸ்’. சங்கிலியை அமிலத்தில் கழுவி, சுமார் 450 டிகிரியில் உருகிக் கிடக்கும் துத்தநாகத்தில் முக்குகிறார்கள். வெளியே எடுத்ததும் சுழற்றி உதறாவிட்டால் கண்ணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கீறல் விழுந்தாலும் பக்கத்துத் துத்தநாகம் தான் முதலில் அரிபட்டு எஃகைக் காக்கும். பெயின்டுக்கு இந்தக் குணம் கிடையாது.

ஆனால் பாரம் தூக்கும் உறுதிமிக்க சங்கிலிகளுக்கு இது ஆகாது. அமிலத்தில் பிறக்கும் ஹைட்ரஜன் அந்த வகை எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்க வைக்கும். பட்டறையில் செயின் பிளாக் வைத்திருப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: சங்கிலியில் துரு ஏறிவிட்டதென்று அமிலத்தில் போடாதீர்கள். எண்ணெய் போட்டுத் துடைத்து வைப்பதே அதற்குச் சரியான காப்பு.

கப்பலின் நங்கூரச் சங்கிலிக்குக் கறுப்புப் பூச்சு அடிக்கிறார்கள். கடலடிக் கல்லிலும் மணலிலும் நாலைந்து முறை இழுபட்டால் கண்ணிகள் உரசும் இடங்களில் அது போய்விடும். கப்பல்காரர்கள் இதை அறிந்தவர்கள்; பூச்சை மட்டும் நம்பி இருப்பதில்லை. கப்பல் உலர்துறைக்கு வரும்போது சங்கிலி முழுவதையும் தரையில் நீட்டிப் போட்டுக் கழுவி, கண்ணிகள் உரசித் தேய்ந்த இடத்தில் காலிப்பர் வைத்து அளக்கிறார்கள். குறுக்கும் நெடுக்குமாக இரண்டு அளவு எடுத்துச் சராசரி பார்ப்பார்கள். முதலில் இருந்த விட்டத்தில் 12 சதவீதம் வரை குறையலாம். 76 மி.மீ. சங்கிலி ஏறக்குறைய 67 மி.மீ.க்குக் கீழே இறங்கிவிட்டால், மேலே எவ்வளவு கறுப்பாகப் பளபளத்தாலும் அந்தப் பகுதியைக் கழற்றிவிட்டுப் புதியதைக் கோக்க வேண்டும்.

(தொடரும்)