நோயைக் கேலி செய்த சித்திரங்கள்

பொன்முடி மலைக்குச் செல்லும் வழியிலுள்ள சிற்றூர் வித்துரா. அதனை அடுத்த போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தோருள் தமிழ்க் குடும்பத்தினரும் உண்டு. பிறந்த ஊரைவிட்டு வந்து நாட்கூலியில் வாழும் இல்லத்தில் ஒருவர் படுத்துவிட்டால், நோயுடன் வருமான இழப்பும் கடனும் சேர்ந்தே நுழைகின்றன. இத்தகைய துன்பத்தைச் சித்திரக்காரர் நகைப்புக்குரியதாக்கலாமா? இதனைச் சற்று ஆராய்வோம்.

செப்புத் தகட்டில் மெழுகுப் பூச்சிட்டு, ஊசியால் கீறி, அமிலத்தால் அரிக்கச் செய்து, அக்கோடுகளில் மையேற்றித் தாளில் அச்சிடுவது பழைய ஐரோப்பிய முறை. இலண்டன் கடைகளின் சன்னல்களில் இப்படங்களைக் காணத் தெருவில் மக்கள் கூடுவார்கள். 1799-இல் ஜேம்ஸ் கில்ரே, வீங்கிய பாதத்தைக் கடித்துக் குதறும் கரிய குட்டிப் பேயாகக் கீல்வாதத்தை வரைந்தார். 1819-இல் ஜார்ஜ் குருக்சாங்க் வரைந்த வயிற்றுவலிப் படத்தில், ஒரு மாதின் இடையைக் கயிற்றால் சுற்றிப் பேய்கள் இறுக்குகின்றன. அவருடைய தலைவலிப் படத்திலோ பேய்கள் துறப்பணத்தால் தலையைத் துளைக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத வேதனைக்கு உருவம் கிடைத்துவிடுகிறது. நோயாளி தன் துன்பத்தைப் பிறருக்குச் சுட்டிக்காட்ட இயலுகிறது.

நோய்க்கு உருவம் கொடுப்பது நமக்குப் புதியதன்று. அம்மை நோயை மாரியம்மனின் வருகையாகவே கண்டவர்கள் அல்லவா நாம்! கேரளத்திலும் இவ்வழக்கம் சித்திரத்தில் புகுந்தது. கொல்லத்திலிருந்து வெளிவந்த 'விதூஷகன்' இதழில் 1919-இல் பி. எஸ். கோவிந்தபிள்ளை வரைந்த 'மகாக்ஷாமதேவதை', மலையாளத்தின் முதல் கேலிச் சித்திரமாகக் கருதப்படுகிறது. முதல் உலகப்போரை அடுத்து வந்த பஞ்சமே அங்குத் தேவதையானது. வெறும் அடுப்பும் அரிசிப்பானையும் ஒவ்வொரு வீட்டின் தனிக் குறைபாடல்ல, ஊர் முழுவதையும் பற்றிய கேடு என்பதை அத்தகைய படம் உணர்த்திற்று.

கேலி இருபுறமும் வெட்டும் வாள். 1802-இல் கில்ரே வரைந்த மற்றொரு படத்தில், பசுவம்மைப்பால் குத்திக்கொண்டவர்களின் உடலில் மாடுகள் முளைக்கின்றன. மக்களின் அச்சத்தை நையாண்டி செய்த அப்படம், பார்ப்பவர் சிலருக்கு அச்சத்தையே மிகுவிக்கவும் கூடும். அம்மை குத்தும் அம்முறையின் வழிவந்த தடுப்பூசியால்தான் பெரியம்மை உலகிலிருந்து ஒழிந்தது என்று 1980-இல் அறிவிக்கப்பட்டது.

ஆகவே, நகைப்பு எவர்மீது விழுகிறது என்று நோக்குதல் வேண்டும். நோயையும் பஞ்சத்தையும் எள்ளும் சித்திரம் துன்புறுவோர்க்குத் துணையாகும். நொண்டி நடப்பவரையும், கடன் கேட்டு நிற்பவரையும் எள்ளுவது, அயலூரில் ஏற்கெனவே தனித்திருப்பவரை மேலும் தனிமைப்படுத்தும். நம் இல்லங்களுக்கு வரும் இதழ்களிலும் படங்களிலும் இவ்வேறுபாட்டைக் கண்டு தெளிதல் நம் கடமையாகும்.