வேகம் கூடினால் வரும் ஓசை

மனிதனுக்கு உடல்நலம் குன்றினால் மருத்துவர் நாடி பார்க்கிறார். மார்பில் குழாயை வைத்துக் கேட்கிறார். பிரெஞ்சு மருத்துவர் லென்னெக் 1816-ஆம் ஆண்டில் காகிதத்தைக் குழல்போலச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார். இன்று நாம் காணும் ஸ்டெதாஸ்கோப் அதிலிருந்து பிறந்ததே. உடலைத் திறக்காமலே உள்ளே நடப்பதை ஓசையால் அறியலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

மோட்டார் வண்டிக்கும் இது பொருந்தும். ஆனால் நாம் என்ன செய்கிறோம்? வண்டியில் புதிதாக ஓர் ஓசை கேட்டதும் ஸ்பானரைத்தான் முதலில் தேடுகிறோம். ஒரு பாகத்தை மாற்றுகிறோம், ஓசை போகவில்லை. இன்னொன்றை மாற்றுகிறோம், அப்போதும் போகவில்லை. சொந்தக் கார் வைத்திருப்பவருக்கு இது எரிச்சல். டாக்சி ஓட்டிப் பிழைப்பவருக்கோ இது வயிற்றுப் பிரச்சினை. வண்டி ஷெட்டில் நிற்கும் ஒவ்வொரு நாளும் வருமானம் இல்லாத நாள். மாத தவணை மட்டும் நிற்பதில்லை.

இக்கட்டுரையில் நான் எடுத்துக்கொள்வது ஒரே ஒரு வகை ஓசையை. மெதுவாகச் செல்லும்போது அது இருக்காது. மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டியதும் ‘ஊம்’ என்றோ ‘கர்’ என்றோ எழும். வேகம் கூடக் கூடத் தானும் கூடும். இதைக் கண்டுபிடிப்பது ஏன் கடினம், எப்படிக் கண்டுபிடிக்கலாம் என்பதை இயற்பியல் மாணவன் என்ற முறையில் சொல்ல முயல்கிறேன்.

நம் பகுதியும் இந்த ஓசையும்

மூலக்கொத்தளத்தில் இருப்பவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. இங்கே எந்த வண்டியும் வேகமாகப் போக முடியாது. துறைமுகம் நோக்கிச் செல்லும் கண்டெய்னர் லாரிகள், மீன்பாடி வண்டிகள், பேசின் பாலத்து நெரிசல் இவற்றுக்கு நடுவே கார் இரண்டாம் கியரைவிட்டு மேலே ஏறுவதே அரிது. ஷெட்டுக்கு வண்டியைக் கொண்டுபோனால் மெக்கானிக் ஏறி உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றி வருகிறார். “சத்தம் ஒண்ணும் இல்லியேப்பா!” என்கிறார். அவர் சொல்வது உண்மைதான். அந்த வேகத்தில் ஓசை இல்லை. ஓசை பிறக்கும் இடத்தில் அவர் இல்லை. அவர் இருக்கும் இடத்தில் ஓசை பிறப்பதில்லை. பாதிச் சிக்கல் இதில்தான் அடங்கியிருக்கிறது.

ஆனால் இயந்திரத்தைக் காதால் சோதிப்பது வடசென்னைக்குப் புதியதன்று. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-இல் நம் இராயபுரத்திலிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. ரயில் நிற்கும்போது ஊழியர் ஒருவர் நீண்ட கைப்பிடிச் சுத்தியலால் சக்கரங்களைத் தட்டிக்கொண்டே போவது அக்கால ரயில் நிலையங்களின் வழக்கம். நல்ல சக்கரம் மணிபோல ஒலிக்கும். விரிசல் விட்ட சக்கரம் மந்தமாக ஒலிக்கும். ஆக்ஸில் முனையில் கைவைத்துச் சூடு பார்ப்பதும் அந்த வேலையின் பகுதி. எண்ணூரில் 1948-இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ், முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டித் தந்தது. 1955-இல் அது அசோக் லேலண்ட் ஆயிற்று. அதே ஆண்டில் திருவொற்றியூரில் என்ஃபீல்டு இந்தியா தோன்றியது. இத்தகைய தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்கள் நம் தெருக்களில் இன்றும் இருக்கிறார்கள். என்ஜின் ஓசையைக் கேட்டே குறை சொல்லக்கூடியவர்கள் அவர்களில் உண்டு.

வேகத்தில் மட்டும் ஏன்?

கணக்கைப் பார்ப்போம். மணிக்கு 72 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 20 மீட்டர். சாதாரணக் காரின் சக்கரச் சுற்றளவு 2 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆகவே சக்கரம் நொடிக்கு ஏறத்தாழ 10 முறை சுழல்கிறது.

சக்கரத்தின் விளிம்பில் ஒரு பக்கம் 30 கிராம் எடை கூடுதலாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அச்சிலிருந்து அதன் தூரம் 19 சென்டிமீட்டர். சுழலும்போது அது வெளிப்புறமாக இழுக்கும் விசை, சுழல்வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும் என்று வகுப்பில் படித்திருக்கிறோம். 36 கிலோமீட்டர் வேகத்தில் அந்த இழுப்பு அரைக் கிலோ எடைக்குச் சற்று மேல். 72 கிலோமீட்டரில் அது நான்கு மடங்காகி இரண்டேகால் கிலோ. 108 கிலோமீட்டரில் ஐந்து கிலோவைத் தாண்டிவிடும். ஊருக்குள் தெரியாத குறை நெடுஞ்சாலையில் தெரிவதற்கு முதற்காரணம் இதுவே.

இரண்டாவது காரணம் ஒத்ததிர்வு. ஊஞ்சலை அதன் தாளத்துக்கு ஏற்பத் தள்ளினால் சிறிய தள்ளலே பெரிய ஆட்டமாகிறது அன்றோ? சக்கரமும் ஸ்பிரிங்கும் சேர்ந்த அமைப்புக்கும் இயல்பான தாளம் ஒன்று உண்டு. அது பெரும்பாலும் நொடிக்குப் பத்து முதல் பதினைந்து அதிர்வுகள். சக்கரத்தின் சுழற்சி அந்தத் தாளத்தை எட்டும்போது ஸ்டியரிங் நடுங்கும். மேலும் வேகம் கூட்டினால் நடுக்கம் குறையவும் கூடும். குறிப்பிட்ட வேகத்தில் வந்து, அதைத் தாண்டினால் அடங்கும் நடுக்கத்துக்கு முதலில் வீல் பேலன்சிங்கைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

மூன்றாவது காரணம் நம் காது. நொடிக்கு 20 அதிர்வுகளுக்குக் குறைந்தவற்றை நாம் ஓசையாகக் கேட்பதில்லை. ஆகவே நொடிக்கு 10 முறை குலுங்கும் சக்கரத்தைக் கை உணரும், காது கேளாது. டயரின் கதை வேறு. அதன் பரப்பில் சுற்றிலும் 60 கட்டைகள் இருந்தால் நொடிக்கு 600 கட்டைகள் சாலையில் மோதுகின்றன. அது தெளிவான ‘ஊம்’. பேரிங்கின் வெளிவளையத்தில் ஒரு சிறு பள்ளம் விழுந்தால், 12 குண்டுகள் உள்ள பேரிங்கில் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 5 குண்டுகள் அதில் ஏறி இறங்கும். நொடிக்கு 50 தட்டல்கள். ஒவ்வொரு தட்டலும் இரும்பை அதிரவைப்பதால் கரகரத்த உறுமலாகக் கேட்கிறது. நான்கு சிலிண்டர் என்ஜின் ஒரு சுற்றுக்கு இருமுறை வெடிக்கிறது. நிமிடத்துக்கு 2400 சுற்று என்றால் நொடிக்கு 80 வெடிப்புகள். ஆக, ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு தாளம் உண்டு. இன்று கைபேசியிலேயே அதிர்வெண் காட்டும் செயலிகள் கிடைக்கின்றன. ஆயினும் காதும் ஒரு நோட்டுப் புத்தகமும் பெரும்பாலும் போதும்.

ஓசையிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

ஆய்வுக்கூடத்தில் நமக்குச் சொல்லித்தரும் முதல் பாடம், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. மற்றவை மாறாதிருக்கட்டும் என்பதே. வண்டிக்கும் அதுவே வழி.

முதற்கேள்வி: ஓசை என்ஜினோடு போகிறதா, சக்கரத்தோடு போகிறதா? வேகத்தை மாற்றாமல் ஒரு கியர் கீழே இறக்கிப் பாருங்கள். என்ஜின் வேகமாகச் சுழலும். சக்கரம் அதே வேகத்தில்தான் சுழலும். ஓசை மாறாவிட்டால் என்ஜினுக்கு அதில் பங்கில்லை. பிறகு சாலை காலியாக உள்ள இடத்தில் சில நொடிகள் நியூட்ரலில் விட்டுப் பார்க்கலாம். அப்போதும் ஓசை தொடர்ந்தால் முடிவு உறுதியாகிறது. இங்கே ஓர் எச்சரிக்கை: எக்காரணம் கொண்டும் ஓடும் வண்டியில் சாவியை அணைக்கக் கூடாது. பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் என்ஜின் தரும் துணை போய்விடும்; ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும்.

இரண்டாம் கேள்வி: சாலை மாறினால் ஓசை மாறுகிறதா? தார்ச்சாலையிலிருந்து சிமெண்டுச் சாலைக்குப் போகும்போது மாறினால் டயரைப் பாருங்கள். உள்ளங்கையால் டயரின் பரப்பை முன்னும் பின்னுமாகத் தடவினால், ஒரு பக்கமாகத் தேய்ந்தவை இரம்பப் பல்போலக் கையில் தட்டுப்படும். முன் டயர்களைப் பின்னுக்கு மாற்றி ஓட்டும்போது ஓசையும் பின்னுக்குப் போனால் ஐயமே இல்லை.

மூன்றாம் கேள்வி: வளைவில் என்ன ஆகிறது? வண்டி வலப்பக்கம் திரும்பும்போது பாரம் இடப்பக்கச் சக்கரங்கள் மேல் சாய்கிறது. அப்போது உறுமல் கூடினால் இடப்பக்கப் பேரிங்கையும், இடப்பக்கம் திரும்பும்போது கூடினால் வலப்பக்கப் பேரிங்கையும் முதலில் பார்க்க வேண்டும்.

நான்காம் கேள்வி: ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது ஒரு விதமாகவும் விடும்போது வேறு விதமாகவும் கேட்கிறதா? அப்படியானால் பல்சக்கரங்கள் மேல், அதாவது கியர் பெட்டி, டிஃப்ரன்ஷியல் ஆகியவற்றின் மேல் ஐயம் விழும். பிரேக்கை இலேசாகத் தொட்டதும் மாறினால் பிரேக் பாகங்களைப் பார்க்க வேண்டும்.

ஐந்தாம் கேள்வி: அது வெறும் காற்றா? ஒரே வேகத்தில் காற்றை எதிர்த்துப் போகும்போது கூடி, காற்றோடு போகும்போது குறைந்தால் குற்றவாளி இரும்பு அன்று. கதவு ரப்பரின் இடுக்கில் டேப் ஒட்டி ஓட்டிப் பாருங்கள். கூரைமேல் கேரியர் உள்ள டாக்சிகளில் இது அடிக்கடி நிகழும்.

ஓர் எடுத்துக்காட்டு

என் தாய்மாமா மூலக்கொத்தளத்தில் டாக்சி ஓட்டுகிறார். முன்சக்கரங்கள் இழுக்கும் வகை டீசல் வண்டி அது. சென்ற ஆண்டு அதில் 60-க்கு மேல் ‘கர்’ என்று ஓர் ஓசை வந்தது. ஒரு ஷெட்டில் நான்கு சக்கரங்களுக்கும் பேலன்சிங் செய்தார்கள். இன்னொரு ஷெட்டில் என்ஜின் மவுண்டிங்கை மாற்றினார்கள். ஓசை போகவில்லை, கைப்பணம் போயிற்று. அவர்களைக் குறை சொல்ல நான் துணியேன். கேளாத ஓசையை யார்தான் கண்டுபிடிக்க முடியும்? “சத்தம் வருதுன்னு தெரியுதுடா, எங்கேர்ந்து வருதுன்னுதான் தெரியல” என்று மாமா சொன்னபோது, மேலே சொன்ன கேள்விகளை ஒரு தாளில் எழுதினேன்.

ஒரு ஞாயிறு விடியற்காலையில் செங்குன்றத்தைத் தாண்டிக் கும்மிடிப்பூண்டி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலைக்குப் போனோம். மாமா ஓட்டினார், குறித்துக்கொள்வது என் வேலை. 70 கிலோமீட்டரில் ஐந்தாம் கியரிலிருந்து நான்காம் கியருக்கு மாற்றினார். என்ஜின் ஓசை உயர்ந்தது. ‘கர்’ அப்படியே இருந்தது. நியூட்ரலிலும் அது நிற்கவில்லை. சாலையின் பரப்பு மாறியும் அது மாறவில்லை. வலப்பக்க வளைவில் தெளிவாகக் கூடியது. இடப்பக்க வளைவில் ஏறக்குறைய மறைந்தது. பதில் கிடைத்துவிட்டது.

வீடு திரும்பிச் சமதரையில் வண்டியை நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஜாக்கியால் முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினோம். இடது முன்சக்கரத்தை ஒரு கையால் சுழற்றி, மறு கையைச் சுருள் ஸ்பிரிங்கின் மேல் வைத்தபோது மணல் அரைபடுவது போன்ற நடுக்கம் விரலில் தெரிந்தது. வலப்பக்கத்தில் அது இல்லை. மெக்கானிக்கிடம் இப்போது “சத்தம் வருது” என்று சொல்லவில்லை. “இடது முன் பேரிங்” என்றே சொன்னோம். அவர் பிரஸ் வைத்துக் கழற்றினார். வெளிவளையத்தின் உள்பரப்பு சொரசொரத்துப் போயிருந்தது. சுத்தியலால் அடித்துப் பொருத்தினால் புதிய பேரிங்கும் விரைவில் கெடும் என்பதால் பிரஸ் வைத்தே பொருத்தினார். அன்று மாலையே வண்டி சவாரிக்குப் போயிற்று.

பேரிங் கெடுவதற்குக் காரணங்கள் பல. மழைநீரில் மூழ்கி ஓடும்போது சீல் வழியாகத் தண்ணீரும் மண்ணும் உள்ளே போய்க் கிரீஸைக் கெடுக்கும். பள்ளத்தில் வேகமாக விழுந்தால் குண்டுகள் வளையத்தில் தழும்பு பதிக்கும். இரண்டுக்கும் நம் சாலைகளில் பஞ்சமில்லை.

பணம் மட்டுமா?

கெட்ட பேரிங்கைக் கவனிக்காமல் விட்டால் அது சூடேறும், சக்கரம் ஆடும், முற்றினால் சக்கரம் இறுகவோ கழலவோ கூடும். 1842-ஆம் ஆண்டு மே மாதம் பிரான்சில் வெர்சாய் நகரிலிருந்து பாரிசுக்குத் திரும்பிய ரயிலின் என்ஜின் ஆக்ஸில் முறிந்து, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சுழலும் இரும்பு நாளடைவில் சிறு விரிசலாகத் தொடங்கிச் சோர்ந்து முறிகிறது என்ற ஆராய்ச்சிக்கு வழிவகுத்தவற்றுள் அந்தத் துயரமும் ஒன்று. எல்லா இரும்பும் முறியும் முன் குரல் கொடுப்பதில்லை. குரல் கொடுக்கும் பேரிங் நமக்கு அவகாசம் தருகிறது என்றே கொள்ள வேண்டும். அந்த வண்டியின் பின் இருக்கையில் பிரசவத்துக்கு ஸ்டான்லி மருத்துவமனை போகும் பெண் இருக்கலாம். பரீட்சைக்குப் போகும் நம் வகுப்புத் தோழன் இருக்கலாம்.

நண்பர்களே, நம்மில் பலருடைய வீட்டில் ஆட்டோவோ டாக்சியோ லாரியோதான் சோறு போடுகிறது. அதிர்வெண், ஒத்ததிர்வு, மையவிலக்கு விசை என்று நாம் தேர்வுக்காகப் படிப்பவை அந்த வண்டிக்குள் தினமும் நடக்கின்றன. அடுத்தமுறை உங்கள் அப்பாவோ அண்ணனோ “வண்டியில ஒரு சத்தம்” என்று சொன்னால் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு முன் இருக்கையில் உட்காருங்கள். எப்போது வருகிறது, எதை மாற்றினால் மாறுகிறது என்று கேளுங்கள். ஸ்பானரை அதற்குப் பிறகு எடுக்கலாம்.