தாடை மூட்டு வலிக்குக் கத்தி தேவையா?

காது வலிக்கிறது என்று வருவோரில் சிலருக்குக் காதைச் சோதித்தால் எந்தக் குறையும் தென்படுவதில்லை. கடைவாய்ப் பல் வலிக்கிறது என்பார்கள். பல்லில் சொத்தை இராது. வாயைத் திறந்து மூடச் சொல்லிக் காதுக்கு முன்புறம் விரலை வைத்துப் பார்க்கும்போதுதான், அங்கே ‘கடக்’கென்று அசையும் தாடை மூட்டே வலியின் இருப்பிடம் என்பது புலப்படும். இதனை அறியாமல் நல்ல பல்லைப் பிடுங்கிக்கொண்டு, அதன் பின்னும் வலி தீராமல் வருவோரையும் நாங்கள் காண்கிறோம். “ஆபரேஷன் செய்ய வேண்டுமா, டாக்டர்?” என்பதே அவர்களின் முதல் கேள்வி. பெரும்பாலோருக்கு வேண்டியதில்லை என்பதே எங்கள் பதில்.

மூட்டும் அதன் பூட்டும்

கீழ்த்தாடையின் குமிழ் போன்ற முனை, மண்டையோட்டின் பக்கவாட்டு எலும்பிலுள்ள குழியில் பொருந்தியிருக்கிறது. இரண்டிற்கும் நடுவே மெத்தை போல ஒரு மெல்லிய தட்டு உண்டு. வாயைத் திறக்கையில் இம்மூட்டு முதலில் கதவுக் கீல் போலச் சுழன்று, பிறகு முன்னோக்கி வழுக்கிச் செல்கிறது. தட்டு இடம் பிசகினால் ஓசை எழும். பிசகிய தட்டு வழிமறித்தால் வாய் முழுதும் திறவாது. பூட்டுக்குப் பெயர்பெற்ற நம் திண்டுக்கல்லில் “வாய் பூட்டிக்கொண்டது” என்று நோயாளிகள் கூறுவது இதைத்தான். எனினும், மூட்டைவிட மெல்லும் தசைகளின் இறுக்கமே பலருக்கு வலியைத் தருகிறது. உறக்கத்தில் பல்லை நறநறவெனக் கடித்தல், மனக்கவலை, அடிபடுதல், மூட்டுவாதம் ஆகியவை முக்கியக் காரணங்கள். ஆண்களைவிடப் பெண்களிடமே இத்தொல்லை மிகுதி.

எவ்வாறு கண்டறிகிறோம்?

வலியின் வரலாற்றைக் கேட்பதும் கையால் தொட்டுச் சோதிப்பதுமே முதன்மையானவை. வாய் எவ்வளவு திறக்கிறது என்று அளக்கிறோம். நோயாளியின் மூன்று விரல்கள் செங்குத்தாக நுழையுமாயின் பெரும்பாலும் போதுமானது. எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ. ஆகியவை எல்லோருக்கும் தேவைப்படா. வலியில்லாமல் ஓசை மட்டும் இருந்தால் சிகிச்சையே வேண்டாம்.

1934இல் ஜேம்ஸ் காஸ்டன் என்னும் அமெரிக்கக் காது மூக்குத் தொண்டை மருத்துவர், காது வலியையும் தாடை மூட்டையும் தொடர்புபடுத்தி எழுதினார். கடைவாய்ப் பற்களை இழப்பதே காரணம் என்ற அவரது விளக்கத்தை இன்றைய மருத்துவம் ஏற்பதில்லை. எனவே வலிக்காகப் பல்லைத் தேய்ப்பதற்கோ பிடுங்குவதற்கோ அவசரப்பட வேண்டாம்.

கத்தியில்லா மருத்துவம்

நாட்பட்ட தாடை வலிக்கென 2023 டிசம்பரில் பி.எம்.ஜே. மருத்துவ இதழ் ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. மேற்பார்வையுடன் கூடிய தாடைப் பயிற்சி, கழுத்தையும் முதுகையும் நிமிர்த்தும் பயிற்சி, கையால் தசையிறுக்கத்தைத் தளர்த்துதல், வலியை எதிர்கொள்ளப் பழக்கும் உளவியல் சிகிச்சை ஆகியவற்றை அது வலியுறுத்துகிறது. மூட்டுத் தட்டை அறுத்து நீக்குவதை வேண்டாம் என்கிறது. இரவில் அணியும் பல் தகடு பற்களைத் தேய்மானத்திலிருந்து காக்கும். அது மட்டுமே வலியைத் தீர்த்துவிடும் என எண்ணலாகாது.

வீட்டில் செய்யத்தக்கவை:

• பேசாமலும் உண்ணாமலும் இருக்கும்போது உதடுகள் மூடியிருக்கட்டும். மேற்பல்லும் கீழ்ப்பல்லும் தொடாமல் இருக்கட்டும்.
• சில வாரங்களுக்கு இட்லி, குழைந்த சோறு, கூழ், சிறுமலைப் பழம் போன்ற மென்மையான உணவே போதும். முறுக்கு, கரும்பு, கடினமான இறைச்சித் துண்டு ஆகியவற்றைத் தள்ளி வையுங்கள்.
• கன்னத்தில் பதினைந்து நிமிடம் இளஞ்சூட்டு ஒத்தடம் கொடுங்கள்.
• நாக்கை மேலண்ணத்தில் வைத்தபடியே வாயை மெதுவாகத் திறந்து மூடிப் பழகுங்கள்.
• கொட்டாவி வரும்போது மோவாயைக் கையால் தாங்குங்கள்.

வலி மாத்திரைகளை மருத்துவரைக் கேட்டே உட்கொள்ளுங்கள்; குடற்புண்ணும் சிறுநீரகக் குறைபாடும் உள்ளோருக்கு அவற்றில் சில தீங்கு தரும்.

காலம் தாழ்த்தக் கூடாதவை

நடக்கும்போது தாடையில் வலி தோன்றி ஓய்ந்தால் தணியுமாயின், அது இதய நோயாக இருக்கலாம். ஐம்பது வயதைக் கடந்தோருக்கு மெல்லும்போது வலியும் பொட்டில் புதிய தலைவலியும் சேர்ந்து வந்தால், பார்வையைப் பறிக்கக்கூடிய இரத்தக்குழாய் அழற்சியைச் சந்தேகிக்க வேண்டும். பாக்கு, புகையிலை மெல்லுவோருக்கு எரிச்சலுடன் வாய் சிறிது சிறிதாகக் குறுகினால், அது புற்றுநோயாக மாறக்கூடிய வாய்நார் நோயாக இருக்கலாம். காயம்பட்ட சில நாட்களில் தாடை இறுகினால் தனுர்வாதத்தையும் நினைக்க வேண்டும். திறந்த வாய் மூட மறுத்தால் வீட்டில் அழுத்தாமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். பயிற்சி பெற்ற கை அதனைப் பெரும்பாலும் அறுவையின்றியே இடத்தில் பொருத்திவிடும்.

எலும்பு ஒட்டிப்போதல், கட்டி, முறிவு, மூட்டுச் சிதைவு போன்ற நிலைகளில் அறுவை தேவைப்படலாம். மற்றவர்களுக்கு வேண்டியது பொறுமை. பயிற்சியின் பயன் ஒரே நாளில் தெரியாது, வாரக்கணக்கில் தெரியும். வீட்டார் செய்யும் பேருதவி ஒன்றுண்டு: இரவில் பற்கடிக்கும் ஓசை கேட்டால் எங்களிடம் கூறுங்கள். உறங்குபவர் அதனை அறியமாட்டார்.