தென்னை ஏறுவோரின் பாதுகாப்பு

தோப்புடைய மிராசுதார்கள் காய்களை எண்ணுமளவு, அவற்றை வெட்டித் தள்ளும் மரமேறியின் உயிரை எண்ணுவதில்லை. நெட்டை ரகத் தென்னை 60 அடிக்கு மேலும் வளர்வதாகும். அவ்வுயரத்தினின்று விழுந்தோர் பிழைப்பது அரிது. பிழைப்பினும் முதுகெலும்பு முறிந்து, குடும்பம் ஆதரவற்றுப் போகும்.

ஆகையால் கீழ்க்கண்டவற்றைத் தவறாது அனுசரிக்க வேண்டும்.

1. மழையால் தண்டு ஈரமாயிருக்குங்காலும், பலத்த காற்று வீசுங்காலும் எவரையும் ஏறச் சொல்லலாகாது.

2. தளைக்கயிற்றை ஒவ்வொரு முறையும் இழுத்துச் சோதித்து, நைந்ததை அன்றே மாற்றுக.

3. காய்ந்த மட்டை எளிதில் கழலுமாதலால் அதனைப் பற்றுதல் கூடாது.

4. மின்கம்பி அருகிலுள்ள மரத்தில், மின்சாரத்தை நிறுத்துவித்த பின்னரே ஏறுக.

5. தண்டில் படி வெட்டற்க. அக்காயத்தில் சிவப்புக் கூன்வண்டு முட்டையிட, புழு உள்ளே குடைந்து மரத்தையே மாய்த்துவிடும்.

6. மிதித்தேறும் கருவியைக் கொள்வது நலம். ஆயினும் அதனோடு இடுப்புவாரும் அவசியம்.

தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ம் ஆண்டு முதல் இளைஞர்க்குக் கருவியேற்றப் பயிற்சி அளித்துள்ளது. மரமேறிகளுக்கு விபத்துக் காப்பீட்டுத் திட்டமும் வகுத்தது. கிராம அதிகாரிகள் இவற்றின் விவரத்தை வாரியத்தில் விசாரித்து, தம் ஊர் மரமேறிகளுக்கு எடுத்துரைத்தல் கடமையாகும்.

விழுந்தோரைக் கைகால் பிடித்துத் தூக்குதல் பெருந்தவறு. உடல் வளையாதபடி பலகையில் கிடத்தியே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க.