கோப்பிப் பொறிக்கு நீரிணைப்பு

மாத்தளை மாவட்டத்துப் பல்லேபொலவில் வீடு கட்டிக் குடியேறியுள்ள நம் கல்லூரிப் பழைய மாணவர் ஒருவர், ஒரு நாள் என்னிடம் சிறு கைந்நூல் ஒன்றைக் கொணர்ந்து தந்தார். இத்தாலி நாட்டிற் பல ஆண்டுகள் கோப்பிக் கடையிற் பணிபுரிந்து மீண்டவர் அவர். எஸ்பிரெசோ என்று அந்நாட்டார் வழங்கும் கோப்பியை வடிக்கும் பொறியொன்றையும் உடன்கொண்டு வந்திருந்தார். அதனை வீட்டு நீர்க்குழாயோடு நேரே இணைத்தல் வேண்டும் என்பது அவர் விருப்பம். கைந்நூலோ இத்தாலியத்திலும் ஆங்கிலத்திலும் அமைந்தது. "சேர், அம்மாவுக்கும் விளங்கும்படி தமிழில் எழுதித் தாருங்கள்" என்றார். தமிழாசிரியனுக்கு இத்தகைய வேலை வாய்ப்பது அரிதாதலின் மகிழ்வுடன் உடன்பட்டேன். எழுதத் தொடங்கிய பின்னரே அந்நூல் கருதிய வீடு வேறு, பல்லேபொல வீடு வேறு என்பது புலப்படலாயிற்று. அவ்வேறுபாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். எஞ்சியவை ஒரு முற்பகலில் முடியும் குழாய் வேலைகளே.

மாத்தளைக்குக் கோப்பி புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இம்மலைகளிற் காடழித்து நட்ட முதற்பயிர் அதுவே. மன்னார்க் கரையிலிருந்து கால்நடையாக வந்த நம் முன்னோர் முதலிற் கொய்ததும் கோப்பிப் பழமே. 1869 இல் இலங்கையிற் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் அத்தோட்டங்களை அழித்தபின் தேயிலை அவ்விடத்தைப் பற்றியது. ஆயினும், மாத்தளைப் பகுதி வீட்டுத் தோட்டங்களில் மிளகுக் கொடிக்கு அருகே கோப்பிச் செடி நிற்பதை இன்றுங் காணலாம். அப்பழத்தை உலர்த்தி, வறுத்து, உரலிலிட்டு இடித்து வடிப்பதற்கு ஒரு கேத்தல் கொதிநீர் போதும். குழாய் இணைப்பு எதுவும் வேண்டா. எஸ்பிரெசோவின் முறை வேறு.

நுண்ணிதாக அரைத்த தூளைச் சிறு கிண்ணமொன்றில் இறுக அமிழ்த்தி, ஏறத்தாழ 93 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள நீரை, 9 பார் அமுக்கத்தில், அரை நிமிடமளவு அதனூடே செலுத்துவதே அம்முறை. பார் என்பது ஈண்டு உலகமன்று. அமுக்கத்தின் ஓர் அலகு. 10 மீற்றர் உயரத்து நீர்நிரல் ஏறத்தாழ ஒரு பார் அமுக்கந் தரும். எனவே 9 பார் வேண்டுமெனின் வீட்டின்மேல் 90 மீற்றர் உயரத்தில் தாங்கி இருத்தல் வேண்டும்! மிலான் நகரத்து லூயிஜி பெசேரா 1901 இல் உரிமம் கோரிய பொறி ஆவியின் வலியையே நம்பியது. அதனால் இத்துணை அமுக்கம் எய்தவில்லை. பின்னர் அக்கீலே காஜ்ஜியா கைநெம்பும் வில்லும் கொண்டு அதனை எய்தினார். 1961 இல் வெளிவந்த பாஎமா நிறுவனத்து ஈ61 என்னும் பொறியே, மின்பம்பியால் நகர்க்குழாய் நீரை இழுத்து, வேண்டும் அமுக்கத்திற் செலுத்தும் வழியைப் பரவச் செய்தது. கடைகளுக்கென அமைந்த அவ்வழி இன்று வீட்டுப் பொறிகள் சிலவற்றிலும் உண்டு.

சிலவற்றில் என்றது கருதியே. வீட்டுப் பொறிகளிற் பெரும்பாலானவை தம்முள்ளேயுள்ள சிறு தொட்டியிலிருந்து அதிர்வுப் பம்பியால் நீரை உறிஞ்சுவன. இவற்றைக் குழாயில் மாட்டலாகாது. சுழற்பம்பி உடையனவாய், குழாயிணைப்புக்கென்றே செய்தோர் வாயில் வைத்தனவாய் உள்ள பொறிகளே இதற்கு உரியன. நம் அன்பரின் பொறி இவ்வகையினது.

அத்தகைய பொறிக்கும் வந்து சேரும் நீர் 2 முதல் 4 பார் வரையான அமுக்கத்தில் இருத்தல் வேண்டும் என்பது பெரும்பாலான கைந்நூல்களின் விதி. நம் ஊர் வீடுகளில் அடுப்படிக் குழாய்க்கு நீர் வருவது மேல்தாங்கியிலிருந்து. குழாய்வாயினின்று 4 மீற்றர் உயரத்தில் தாங்கி நின்றால் கிடைப்பது 0.4 பார், பாத்திரம் துலக்கப் போதும், பொறிக்குப் போதாது. நீர் குறைவாக வரின் சுழற்பம்பி குமிழிகளை விழுங்கி இரைந்து தேயும். கொதிகலனில் நீர் வற்றி வெப்பச்சுருள் வெளிப்பட்டால் அது எரிந்துபோம்.

ஆகவே தாங்கியை விடுத்து, வீதியிலிருந்து வரும் குழாயிலேயே இணைக்கத் துணிந்தோம். அவ்வூரில் மலையூற்று நீரை மேட்டுத் தொட்டியிற் சேர்த்துப் பல வீடுகளுக்கும் பொதுவாக விடுகின்றனர். அன்பர் காலைப்பொழுதில் அமுக்கமானி வைத்து அளந்தார். 3 பார் காட்டியது. நான் எழுதிக் கொடுத்த தாளில், அமுக்கம் 4 பாருக்கு மேற்படின் அமுக்கந்தணி வால்வு பொருத்துக என்றிருந்தது. மேற்படவில்லையாதலின் பொருத்தவில்லை. மூன்றாம் நாள் இரவு குழாய்மூட்டு ஒன்று கழன்றது. விடியுமுன் அடுப்படியும் அதனையடுத்த களஞ்சிய அறையும் கணுக்காலளவு நீரில் நின்றன. அன்னையார் விற்பனைக்கென உலர்த்திக் கட்டிவைத்திருந்த மிளகுச் சாக்குகள் மூன்றும் அடிமுதல் நனைந்தன. மீண்டும் உலர்த்தியும் பூஞ்சணம் பிடித்து, விலைபோகவில்லை.

பிழை என்னுடையது. மூலத்தில், நீர் ஓடாதிருக்கும்போது அளந்த அமுக்கம் என்றே இருந்தது. அத்தொடர் மிகையென்று கருதி விடுத்தேன். செறிவாக எழுதுதல் வேண்டும் என்னும் ஆசிரியப் பழக்கம்! காலையில் ஊரார் யாவரும் நீர் மொள்ளுங்கால், நீளக்குழாயின் உராய்விலேயே அமுக்கத்திற் பெரும்பகுதி கழிந்துவிடும். நள்ளிரவில் எல்லா வாய்களும் அடைபட்டபின் மேட்டுத் தொட்டியின் முழு உயரமும் ஒவ்வொரு மூட்டின்மேலும் வந்து நிற்கும். பின்னர் நள்ளிரவில் அளந்தபோது மானி 6 பாரை அணுகி நின்றது. அன்பர் என்னை ஒரு சொல்லும் கடிந்திலர். அன்னையார் மட்டும், "எழுதின தாளில் எல்லாம் இருந்ததா, தம்பி?" என்று ஒரு முறை கேட்டார்.

அமுக்கந்தணி வால்வைப் பொருத்திப் பழைய இணைப்பையே தொடர்ந்திருக்கலாம். எனினும் வறண்ட மாதங்களில் அப்பொதுக்குழாயில் நாள்முழுதும் நீர் வாராது. ஆதலின் மேல்தாங்கிக்கே மீண்டோம். தாங்கிக்கும் பொறிக்கும் இடையில் ஒரு சிறு மென்றகட்டுப் பம்பியும், அமுக்க ஆளியும், அமுக்கத்தைச் சேமிக்கும் கையடக்கக் கலமும் வைத்து 2.5 பாரில் நிறுத்தியாயிற்று. வீதிக்குழாய் வறண்டாலும் தாங்கியில் 1000 லீற்றர் இருக்கும். வரும் நீரின் அமுக்கம் மாறின் பொறியின் பம்பி தரும் அமுக்கமும் மாறுமாதலின், இணைத்தபின் பொறியின் முகப்பிலுள்ள மானியைப் பார்த்து 9 பாருக்குத் திருத்துதல் வேண்டும்.

நிற்க, அமுக்கத்தினும் மெல்லக் கெடுப்பது நீரின் வன்மை. மாத்தளைப் பகுதியிற் சுண்ணக்கல்லும் தொலமைற்றுக் கல்லும் உள்ளமை பலரும் அறிந்ததே. அவற்றினூடே ஊறும் நீர் கல்சியத்தையும் மகனீசியத்தையும் கரைத்துக்கொண்டு வரும். சூடேறும்போது கரைந்திருந்த சுண்ணம் கல்லாகிப் படியும். கேத்தலின் அடியில் வெள்ளைப் படையாகக் காண்பது இதுவே. குடிநீருக்கான இலங்கைத் தரம் லீற்றருக்கு 250 மில்லிகிராம் வரை வன்மையை ஏற்கின்றது. குடித்தற்கு ஏற்ற நீர் கொதிகலனுக்கும் ஏற்றதாகும் என்பது இதனாற் பெறப்படாது. லீற்றருக்கு 200 மில்லிகிராம் வன்மையுள்ள நீர் நாளொன்றுக்கு 3 லீற்றர் செல்வதாகக் கொள்வோம். ஆண்டுக்கு 219 கிராம் கல் உட்புகும். அதிற் பாதியே படியினும், நூலிழை போன்ற துளைகளையுடைய பொறி எத்துணைக் காலம் பொறுக்கும்? ஆவிக்கலனிலோ நீர் ஆவியாய் வெளியேறக் கல் முழுதும் உள்ளேயே தங்கும்.

எனவே நீரைச் சோதித்தறிந்த பின்பே வடிகட்டி வாங்குதல் முறை. துளிகளை எண்ணி வன்மை காணும் சிறு சோதனைப் பெட்டி போதும். லீற்றருக்கு 50 முதல் 100 மில்லிகிராம் வரை இருப்பின் சுவைக்கும் பொறிக்கும் நன்று எனலாம். முதலில் மண்ணும் துருவும் தடுக்கும் 5 மைக்கிரோன் வடிகட்டி. அடுத்து, நகர நீராயின், குளோரீனை நீக்கும் ஏவிய காபன். இது நம் தேங்காய்ச் சிரட்டையிலிருந்தே செய்யப்படுவது. இறுதியாக, கல்சியத்தைப் பற்றிக்கொள்ளும் அயன்பரிமாற்றப் பிசின். பிசினின் ஆற்றல் முடிந்ததும் அது வெறுங் குழாயே. சென்ற லீற்றரைக் கணக்கிட்டு மாற்றுதல் வேண்டும். கடைகளிற் கிடைக்கும் ஆர்.ஓ. நீரையே விடலாமே என்று அன்பர் கேட்டார். உப்புகள் முற்றும் நீங்கிய நீரிற் கோப்பி சுவை குன்றும். அன்றியும், கொதிகலனில் நீர்மட்டத்தை அறியும் கம்பி நீரின் மின்கடத்துந் தன்மையைக் கொண்டே அறிவது. மிகத் தூய நீரை அஃது அறியாது, நிரம்பிய பின்னும் நிரப்பிக்கொண்டிருக்கும்.

பொருத்தும்போது கவனிக்கத்தக்கவை சில. மின்னிணைப்பை நீக்கிய பின்பே தொடங்குக. குழாயிலிருந்து பிரியும் ரீ மூட்டை அடுத்து, கைக்கெட்டும் இடத்தில் ஒரு பூட்டுவாய் வேண்டும். பொறிக்குப் பின்னே மறைத்தல் கூடாது. பொறிநீர் வீட்டுக் குழாய்க்குத் திரும்பாதிருக்க மீள்தடுப்பு வால்வு வேண்டும். இச்சொல்லை நான் பெருமையுடன் எழுதிக் கொடுத்தேன்; கடைக்காரர் விழித்தார், நொன்றிற்றேண் என்றதும் எடுத்துத் தந்தார். புரியாற் பிடிக்கும் மூட்டுக்கு வெள்ளை நாடா சுற்றுக. இறப்பர் வளையம் உள்ள மூட்டுக்கு அது வேண்டா, சுற்றினால் ஒழுகும். பொறியை மாட்டுமுன் குழாயையும் வடிகட்டியையும் ஒரு வாளி நீரேனும் ஓடவிட்டுக் கழுவுக. மூட்டுகளின் கீழ் உலர்ந்த செய்தித்தாளை விரித்து ஓரிரவு வைத்தால் ஒரு துளி ஒழுகினும் காட்டிக்கொடுக்கும். இரவிலும், வீட்டைவிட்டு வெளியே செல்லும்போதும், பூட்டுவாயை அடைத்தல் வேண்டும். பல்லேபொல வீட்டில் இப்பொறுப்பை அன்னையாரே ஏற்றுள்ளார்.

கழிநீர்க் குழாயைப் பற்றிக் கைந்நூல் ஒரு வரியே சொன்னது. உட்செல்லும் நீரைத் தள்ள அமுக்கம் உண்டு. பொறித் தட்டிலிருந்து வெளிவருவது தன் பாரத்தாலேயே ஓடுவது. ஆதலின் அக்குழாய் அகன்றதாய், எங்கும் மேலெழாது, தொடர்ந்து சரிந்து செல்லுதல் வேண்டும். அதன் நுனியைச் சாக்கடைக் குழாயினுள் இறுகச் செருகாது சிறிது இடைவெளி விடுக. கோப்பித்தூள் வண்டலாய்ப் படியுமாதலின் வாரமொருமுறை ஒரு குவளை வெந்நீர் ஊற்றுக. இவ்வரிகளை எழுதிய தாளை அன்பர் இப்போது வடிகட்டியின் அருகே ஒட்டியுள்ளார். நீர் ஓடாதிருக்கும்போது என்னும் தொடர் சிவப்பு மையில் இருக்கின்றது.