சாமியார் சொல்லும் சின்னமா, மனச்சான்று சொல்லும் சின்னமா?

தேர்தலுக்கு முந்தைய ஞாயிறு, பூசை முடிந்ததும் கோயில் வாசலில் ஒரு கேள்வி எழும்: “சாமியார் யாருக்குப் போடச் சொல்றார்?”

அதைச் சொல்வது அவர் வேலையல்ல. 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தந்த ‘இன்றைய உலகில் திருச்சபை’ ஏடு, திருச்சபை எந்த அரசியல் அணியையும் சேர்ந்ததல்ல என்கிறது. மனச்சான்றை, மனிதர் கடவுளோடு தனித்திருக்கும் இடம் என்கிறது. வாக்குச்சாவடியின் மறைவிடமும் அப்படித்தான். அங்கே சாமியாரும் இல்லை, ஊர் நாட்டாமையும் இல்லை.

தலித் கத்தோலிக்கரான நமக்கு அங்கே ஒரு கேள்வி காத்திருக்கிறது. 1950 ஆகஸ்ட் 10-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, மதத்தைக் காட்டி நம்மைப் பட்டியல் சாதியிலிருந்து விலக்கியது. 1956-இல் தலித் சீக்கியர் அனைவருக்கும், 1990-இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. நமக்குத் திறக்கவில்லை. தனித்தொகுதியில் நாம் வாக்களிக்கலாம். வேட்பாளராக நிற்க முடியாது. இந்த மதத் தடையை நீக்கச் சொன்ன ரங்கநாத் மிஸ்ரா ஆணையத்தின் 2007 அறிக்கை ஏட்டோடு நிற்கிறது.

ஆகவே, வாக்குக் கேட்டு வருகிறவரிடம் கேளுங்கள்: “மூன்றாம் பத்தியை நீக்க நாடாளுமன்றத்தில் பேசுவீர்களா?” அத்தோடு நிறுத்தாதீர்கள். பக்கத்துத் தெரு இந்து தலித்தின் சுடுகாட்டுப் பாதைக்கும், நம் கல்லறைத் தோட்டத்தில் நிற்கும் சாதிச் சுவருக்கும் அவர் பதில் என்ன? நமக்கு மட்டும் கேட்டால் அது பேரம். எல்லோருக்குமாகக் கேட்பதே மனச்சான்று.

பணம் கொடுத்தவருக்குக் கடன்பட்டோம் என்று எண்ண வேண்டாம். கோயிலில் கையேந்தி நற்கருணை வாங்கும் கை, வாக்குக்குக் காசு வாங்கலாமா?